எந்த ஜீன் என்று முதலில் கேளுங்கள்

பிறவித் தோல் நோய்களும் ஸ்டெம் செல் சிகிச்சையும்: வாசகர் கேள்வி, மருத்துவக் குழுவின் பதில்

என் மகளுக்கு இரண்டு வயது. பிறந்த மூன்றாம் நாளே குதிகாலில் தோல் உரிந்தது. அம்மை என்றார்கள், அக்கி என்று சொல்லி காவியும் எழுதினோம். இன்றுவரை எங்கே இடித்தாலும் கொப்புளம். ஒரு கிளினிக்கில் ஆறு ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும், நான்கு லட்சம் ஆகும் என்கிறார்கள். நகையை அடகு வைத்துப் போடலாமா?
– பெயர் வேண்டாம், பலமநேர்

வேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது எபிடெர்மோலைசிஸ் புல்லோசாவாக இருக்கலாம். சுருக்கமாக இ.பி. மேல்தோலை அடித்தோலோடு சில புரதங்கள் நூல்போலத் தைத்து வைத்திருக்கின்றன. அதில் ஒரு நூல் பிறவியிலேயே இல்லாமலோ நைந்தோ இருந்தால், லேசாக உரசினாலும் தோல் பிரிந்து நடுவில் நீர் கோக்கிறது. அம்மையும் அல்ல, அக்கியும் அல்ல, யாருக்கும் ஒட்டாது.

ஸ்டெம் செல் என்றால் பெருகி மற்ற செல்களை உண்டாக்கும் மூலச் செல். கிளினிக்குகளில் அந்தப் பெயரில் ஊசியாகப் போடுவது பெரும்பாலும் கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த செல்கள். நரம்பில் ஏற்றினால் அவற்றில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும். தோலின் அடிவரிசைக்குப் போய்க் குடியேறி, இல்லாத நூலை நூற்றுத் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தியாவில் ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல். ஆய்வு என்று சொன்னால் மூன்றைக் கேளுங்கள்: மருத்துவ ஆய்வுகளின் தேசியப் பதிவேடான சிடிஆர்ஐ தரும் பதிவு எண், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி. ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. நான்கு லட்சம் என்று விலை சொன்னபோதே பதில் கிடைத்துவிட்டது.

உங்கள் மகளுக்கு முதலில் வேண்டியது ஜீன் பரிசோதனை. ரத்தம் உறையாமல் காக்கும், ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் 2 முதல் 5 மில்லி ரத்தம் போதும். பழுதான ஜீனின் பெயர் கேஆர்டி5, கேஆர்டி14 என்றால் ஒரு வகை, எல்ஏஎம்பி3 என்றால் இன்னொன்று, சிஓஎல்7ஏ1 என்றால் வேறொன்று. இன்று உலகில் எங்கே எந்தச் சிகிச்சை வந்தாலும் ஜீன் பெயரைக் கேட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். அறிக்கையில் ‘முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்’ என்று வந்தால் அது முடிவல்ல. அப்பா, அம்மா ரத்தத்தையும் கொடுத்து ஒப்பிட வேண்டும்.

தோலில் பயாப்ஸி, அதாவது சோதனைக்குச் சிறு துண்டு, எடுக்கச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கொப்புளத்தில் எடுத்தால் அடியில் புதுத்தோல் முளைத்திருக்கும். எந்த அடுக்கில் பிரிந்தது என்பது தப்பாகத் தெரியும். நல்ல தோலை மருத்துவர் மெல்லத் தேய்த்து, புதிதாகப் பிரியும் ஓரத்தில் எடுப்பார். புரதம் பார்க்கும் துண்டு, புரதத்தைக் கெடாமல் காக்கும் மிஷெல் கரைசலில் போக வேண்டும். வழக்கம்போல் ஃபார்மலின் டப்பாவில் போட்டால் அந்தச் சோதனை வீண். குழந்தைக்கு இன்னொரு முறை வலி.

ஜெர்மனியில் ஒரு சிறுவனுக்கு உடம்பெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்த தோலைப் போட்டார்களாமே, உண்மையா? இங்கே ஏன் செய்வதில்லை?
– தறி ஓட்டுபவர், குடியாத்தம்

உண்மைதான். 2015இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர மருத்துவமனைக்கு வந்த 7 வயதுச் சிரிய அகதிச் சிறுவன். எல்ஏஎம்பி3 ஜீன் பழுது. மேல்தோலில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. இத்தாலியின் மோடெனாவில் மிக்கேலே டி லூக்கா குழுவினர் கொப்புளம் இல்லாத இடத்திலிருந்து 4 சதுர செ.மீ. தோலை வாங்கினார்கள். அதிலிருந்து மேல்தோல் செல்களைப் பிரித்து, கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலி செல்களின் மெத்தையில் வளர்த்தார்கள். இந்த மெத்தை வித்தை 1975இல் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் காட்டியது. பிறகு ஒரு வைரஸ் மூலம் நல்ல ஜீனைச் செல்லுக்குள் புகுத்தி, தாள்தாளாக வளர்த்து, ஏறக்குறைய 0.85 சதுர மீட்டர் தோலைச் சில அறுவைகளில் ஒட்டினார்கள். பையன் பள்ளிக்கூடம் திரும்பினான். 2017இல் நேச்சர் இதழில் விவரம் வந்தது.

இதில் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தட்டில் வளரும் செல்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் மேல்தோல் மாதத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய முழுசாக உதிர்ந்து புதிதாகிறது. சாப்பாட்டு நெல்லும் விதைநெல்லும் ஒரே குதிரில் கலந்து கிடப்பதுபோல, பெரும்பாலான செல்கள் சில வாரம், சில மாதம் உழைத்து உதிர்ந்துபோகும். ஹோலோகுளோன் எனப்படும் சில சதவீதச் செல்களே விதைநெல். அந்தச் சிறுவனின் புதுத்தோல் முழுதும் நாளடைவில் அந்தக் கொஞ்சம் செல்களின் வாரிசுகளாகவே நின்றது. வளர்க்கும்போது அவை செத்துப்போனால், ஒட்டிய தோல் முதலில் அழகாகப் பிடித்து, பிறகு உரிந்துவிடும்.

சிக்கல்கள் இன்னும் உண்டு. ஒட்டிய இடம் பிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும். குழந்தையை மயக்கத்திலேயே வைத்திருக்க நேரும். கிருமி புகுந்தால் தாள் கரைந்துவிடும். புகுத்திய ஜீன் கண்ட இடத்தில் போய் உட்கார்ந்தால் புற்று வரலாம் என்பதால் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு தேவை. தொண்டையிலும் உணவுக்குழாயிலும் வரும் புண்ணை இந்தத் தோல் தொடாது. இத்தனையும் நடக்கச் சுத்த அறை, வைரஸ் தயாரிப்பு, தீக்காயப் பிரிவு எல்லாம் ஒரே கயிற்றில் ஓட வேண்டும்.

சிஓஎல்7ஏ1 வகைக்கு, நோயாளியின் சொந்தச் செல்லில் ஜீனைத் திருத்தி வளர்த்த தாள்களுக்கு அமெரிக்கா 2025இல் அனுமதி தந்தது. அதற்கு முன், 2023இல், புண்மேல் வாரம் ஒருமுறை சொட்டுவிடும் ஜெல் ஒன்றும் வந்தது. அதில் ஸ்டெம் செல் இல்லை. ஹெர்பிஸ் வைரஸைப் பல் பிடுங்கி, ஜீனைச் சுமக்க வைத்திருக்கிறார்கள். ஏன் ஹெர்பிஸ் என்றால், இந்த ஜீனில் புரதத்துக்கான குறியீட்டுப் பகுதி மட்டும் சுமார் 9,000 டிஎன்ஏ எழுத்து. ஜீனைச் சுமக்க வழக்கமாகப் பயன்படும் ஏஏவி என்ற வைரஸ் வண்டியில் 5,000 எழுத்துகூட ஏறாது. ஜெல் தரும் ஜீன் செல்லின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்வதில்லை, தோல் உதிரும்போது சேர்ந்து உதிரும், அதனால்தான் வாராவாரம். இரண்டின் விலையும் நம் பக்கத்துக் குடும்பங்களின் கைக்கு எட்டாது.

வேலூரில் நடப்பதைக் கேட்டு ஒருவர் தனியாக எழுதியிருந்தார். பாகாயத்தில் சிஎம்சி வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையத்தின் துணையோடு, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு ரத்த ஸ்டெம் செல்லில் ஜீனைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2024இல் வெளியானது. வழி ஏறக்குறைய இதே வழிதான், ஆனால் அது ரத்தத்துக்கு.

அடுத்த மாதம் பிரசவம். மூத்தவனுக்கு இ.பி. இருக்கிறது. தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமித்தால் பிற்பாடு உதவுமா?
– திருத்தணி

தோலுக்காக என்றால் சேமிக்காதீர்கள். அதில் இருப்பவை ரத்தம் உண்டாக்கும் செல்கள். பிறக்கும் குழந்தைக்கே நோய் இருந்தால் அந்த ரத்தத்திலும் அதே பழுது இருக்கும். மஜ்ஜை மாற்றை இ.பி.க்கு மின்னசோட்டாவில் செய்து பார்த்து 2010இல் எழுதினார்கள். சிலருக்குத் தோல் தேறியது, ஆனால் குழந்தைகள் இறக்கவும் செய்தார்கள்.

பி.எஸ்ஸி. உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறேன். நோயாளியின் தோலையே தட்டில் உண்டாக்கி ஆராய்வது எப்படி?
– நகரி

2006இல் எலியிலும் 2007இல் மனிதச் செல்லிலும் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா காட்டிய, செல்லை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் நான்கு காரணிகள் உங்கள் பாடத்தில் இருக்கும்: ஆக்ட்3/4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். நோயாளியின் ரத்தச் செல்லிலோ தோல் செல்லிலோ இவற்றைச் செலுத்தினால் உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஐபிஎஸ் செல் கிடைக்கும். அதை ரெட்டினாயிக் அமிலம், பிஎம்பி4 என்னும் சமிக்ஞைப் பொருட்களைக் கொடுத்து மேல்தோல் செல்லாகத் திருப்புவார்கள். ஒரு மாதமோ கூடவோ ஆகும். மேல்தோல் செல்லின் அடையாளப் புரதங்களான கே14, பி63 தோன்றுகிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஒப்பீட்டுக்கு வேறொரு ஆரோக்கியமான ஆளின் செல்லை வைப்பது புதியவர்கள் செய்யும் தப்பு. இரண்டு பேருக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கும். எது நோயால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதே நோயாளியின் ஐபிஎஸ் செல்லில் பழுதான அந்த ஓர் எழுத்தை மட்டும் கிரிஸ்பர் என்ற ஜீன் திருத்தும் கருவி கொண்டு திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இப்படித் தட்டில் வளர்த்த செல்லில் மருந்தையும் சோதிக்கலாம். ஜீன் பாதியில் ‘நில்’ என்று நின்றுபோகும் வகை மாற்றங்களில், அந்த நிறுத்தத்தைத் தாண்டிப் படிக்கவைக்கும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அப்படி ஆராயப்பட்ட ஒன்று. உடனே வாங்கிப் பூச வேண்டாம். நிறுத்த வகை அல்லாத பழுதுக்கு இந்த வழி பொருந்தாது.

இப்படி உண்டாக்கிய செல்லை நோயாளிக்கே வைக்கும்போதுதான் பயம். திரும்பாமல் மிஞ்சிய ஐபிஎஸ் செல் டெரட்டோமா என்ற, பலவகைத் திசு கலந்த கட்டியாகலாம்.

இயற்கையும் சிலருக்குத் தானே திருத்திவிடுகிறது. இ.பி. நோயாளி சிலரின் உடம்பில் கையளவு இடத்தில் கொப்புளமே வராது. அங்கே ஏதோ ஒரு ஸ்டெம் செல்லில் பழுது தற்செயலாகச் சரியாகியிருக்கும். அந்தத் திட்டிலிருந்து செல் எடுத்தால் ஜீன் திருத்தவே வேண்டாம்.

அண்ணன் மகனுக்கு இந்த நோய். எனக்கு அக்கா மகளைப் பேசி முடித்திருக்கிறார்கள். கட்டலாமா?
– சித்தூர்

அண்ணன் மகனுக்கு ஜீன் அறிக்கை இருக்கிறதா? கேஆர்டி5, கேஆர்டி14இல் பெரும்பாலும் வரும் ஆதிக்க வகை (பெற்றோரில் ஒருவரின் பழுதே நோய் தரப் போதும்) என்றால், நோயில்லாத உங்களிடமிருந்து பிள்ளைக்குப் போவது அரிது. ஒடுங்கிய வகை (இரு பெற்றோரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய்) என்றால் கணக்கு வேறு. அண்ணன் தான் மகனுக்குக் கொடுத்த பழுதை உங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெற்றிருப்பார். அது உங்களிடம் இருக்க வாய்ப்பு 2இல் 1. அக்காவிடமும் 2இல் 1, அவர் மகளிடம் 4இல் 1. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1. பெருக்கினால் 32இல் 1.

குடும்பத்தின் மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால், அந்த ஒன்றை மட்டும் உங்கள் இருவர் ரத்தத்திலும் பார்ப்பது சின்னச் சோதனை. ஒருவரிடம் இல்லையென்றாலே தைரியமாகப் பத்திரிகை அடிக்கலாம். இருவரிடமும் இருந்து மணந்தால், கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கலாம். கருத்தரித்த பிறகு ஜீனைத் தேடப் புறப்பட்டால் வாரங்கள் ஓடிவிடும்.

பேரனுக்குக் கட்டுப்போடுவது நான்தான். பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வருகிறது. என்ன செய்ய?
– பாட்டி, பேரணாம்பட்டு

பிளாஸ்திரியை வீட்டைவிட்டே அனுப்புங்கள் அம்மா. ஒட்டும் எதுவும் தோலைத் தொடக் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் நீர் அழுத்தி அழுத்தி அதைப் பெரிதாக்கும். சுத்தமான புது ஊசியைத் தோலுக்குப் படுக்கையாக, கொப்புளத்தின் தாழ்ந்த ஓரத்தில் செலுத்தி, எதிர்ப்பக்கம் வெளியே எடுத்து, காஸ் துணியால் மெல்ல ஒற்றுங்கள். மேல்தோலைப் பிய்க்காதீர்கள், புண்ணுக்கு அதுவே நல்ல மூடி.

அதன்மேல் சிலிகோன் வலை. கட்டுபடியாகவில்லை என்றால் பாரஃபின் காஸை இரண்டு மடிப்பாக வைத்து, மேலே பஞ்சு, அதன்மேல் பழைய மல் வேட்டித் துணிச் சுற்று. விரல்களைத் தனித்தனியாகச் சுற்றுங்கள். சேர்த்துச் சுற்றினால் புண் ஆறும்போது விரல்கள் ஒட்டிக் கை மூடிக்கொள்ளும்.

பிரிக்கும் நாளில் 10 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 90 கிராம் உப்பு கரைத்து, கட்டோடு கால் மணி நேரம் உட்கார வையுங்கள். வெறும் நீர் பச்சைப்புண்ணில் எரியும். இந்த அளவு உப்புநீர் எரியாது. துணி தானே கழன்று வரும். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் உரசாது. தூக்கும்போது அக்குளில் கைகொடுக்காமல், பிட்டத்தையும் முதுகையும் தாங்கித் தூக்குங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் வியர்வையில் கொப்புளம் கூடும். ஈரத்துணியும் மின்விசிறியும் தயாராக இருக்கட்டும்.

ஆன்டிபயாட்டிக் களிம்பை மாதக்கணக்கில் தடவ வேண்டாம், கிருமி பழகிவிடும். பையன் வளர்ந்த பிறகும் ஒன்றை மறக்காதீர்கள். ஒரு மாதமாகியும் ஆறாத புண், ஓரம் தடித்து மேடாகும் புண், திடீரென்று வலி கூடும் புண் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டி, பயாப்ஸி தேவையா என்று கேளுங்கள். கடுமையான சிஓஎல்7ஏ1 வகையில் வாலிப வயதிலேயே அதில் புற்று வருவதுண்டு.