வாசகர் வட்டத்துக்கு ஆப்பிரிக்க நாவல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

திருச்சியில் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒரு புத்தகம். வரும் ஆண்டு முழுக்க ஆப்பிரிக்க இலக்கியம் என்று முடிவு செய்து, நாட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நாவல்களைக் குறித்து வைத்திருக்கிறோம். மஃபூஸ், குட்ஸி, குர்னா என்று நோபல் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் ‘எல்லாமே காலனியம், போர், சோகம்தானே, வருஷம் முழுக்கத் தாங்குமா?’ என்று சிலர் தயங்குகிறார்கள். இரண்டு பேருக்குத் தமிழில் படிப்பதுதான் வசதி. உங்கள் யோசனை என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்ன எழுத்தாளர்கள் எல்லாரும் படிக்க வேண்டியவர்கள்தான். எனக்கு ஒத்துவராதது மாதத்துக்கு ஒரு நாடு என்ற ஏற்பாடு. அப்படிப் போனால் ஒவ்வொரு நாவலும் தன் நாட்டின் பிரதிநிதியாகிவிடும். கூட்டத்தில் கதைமாந்தர்களை விட்டுவிட்டு நாட்டு நிலவரத்தைப் பேசிக்கொண்டிருப்போம். சினுவா அச்சிபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) நாவலின் முடிவில் வெள்ளைக்கார மாவட்ட அதிகாரி, நாயகன் ஒக்கொங்வோவின் கதைக்குத் தன் புத்தகத்தில் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும் என்று நினைப்பார். ஒரு முழு நாட்டுக்கு ஒரு நாவல் என்று ஒதுக்குவதும் அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

ஆறு புத்தகம் போதும். அதில் நான்கு, நைஜீரியாவின் இக்போ மக்களிடமிருந்து வந்தவையாக இருக்கட்டும். இந்த நான்கு பேரும் தமக்கு முன்னால் எழுதப்பட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுதியவர்கள்.

அச்சிபியில் தொடங்குங்கள். என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்று தமிழிலேயே இருக்கிறது. எல்லாரும் ஒக்கொங்வோவைப் பற்றித்தான் பேசுவார்கள். யாராவது ஒருவர் அவனுடைய மனைவி எக்வேஃபியை மட்டும் பின்தொடரட்டும். பத்துப் பிள்ளை பெற்று ஒன்பதைப் பறிகொடுத்தவள். மிஞ்சிய மகளைப் பூசாரிச்சி இரவில் தூக்கிக்கொண்டு போக, இருட்டில் பின்னாலேயே ஓடுகிறாள். அந்த அத்தியாயத்தை ஒரு கூட்டம் முழுக்கப் பேசலாம்.

அடுத்தது ஃப்ளோரா ந்வாப்பாவின் ‘எஃபுரு’ (1966). அவர் கையெழுத்துப் பிரதியை அச்சிபிக்குத்தான் அனுப்பினார். அச்சிபியின் ஊக்கத்தோடு அது லண்டனில் வெளியானது. வியாபாரத்தில் கெட்டிக்காரி எஃபுரு. இரண்டு கல்யாணமும் நிலைக்கவில்லை, ஒரே குழந்தையும் இறந்துபோகிறது. ஏரித் தெய்வம் உஹமிரி அவளைத் தன்னை வழிபட அழைக்கிறது. செல்வமும் அழகும் தருகிற, ஆனால் தனக்கே பிள்ளை இல்லாத தெய்வம் அது. தாய்மையின் மகிழ்ச்சியை அறியாத இந்தத் தெய்வத்தைப் பெண்கள் பிறகு ஏன் வணங்குகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் முடிகிறது. கதை பெரும்பாலும் பேச்சாலேயே நகர்வதால், ஆங்கிலம் படிக்கிறவர் ஒருவர் அந்த இரண்டு நண்பர்களுக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே போவது சிரமமாக இருக்காது.

அந்தக் கடைசி வரிகளிலிருந்துதான் புச்சி எமெசெட்டா தன் நாவலுக்குத் தலைப்பு எடுத்தார்: ‘த ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ (1979). இதில் ந்னு ஈகோ லாகோஸ் நகரத்தில் வறுமையோடு மல்லுக்கட்டிப் பல பிள்ளைகளை வளர்க்கிறாள். மகன்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். அவள் யாருமில்லாமல் சாலையோரத்தில் சாகிறாள். செத்த பிறகு ஊரே மெச்சும்படி ஈமச்சடங்கு நடக்கிறது, அவள் பெயரில் ஒரு கோயிலும் எழுப்புகிறார்கள். ஆனால் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் வரம் தருவதே இல்லை! முன்னதைப் படிக்காமல் இதை மட்டும் படித்தால் ஒரு தாயின் துயரக் கதை என்று தோன்றும். அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு பெண்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து வாதாடுவது கேட்கும். தயவுசெய்து இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு புத்தகம் வைக்காதீர்கள்.

நான்காவது சிமமாண்டா என்கோசி அடிச்சியின் ‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’ (2006). நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போர்தான் களம். பெரிய புத்தகம், ஆனால் வேகமாக ஓடும்.

சோகம் பற்றிக் கேட்டீர்கள். சோகம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நண்பர்கள் பயப்படுகிற மாதிரி அதுவே எல்லாமும் இல்லை. மீதி இரண்டு இடங்களுக்கு செனகலுக்குப் போங்கள். மரியாமா பாவின் ‘ஸோ லாங் எ லெட்டர்’ (1979) பிரெஞ்சில் எழுதப்பட்ட சின்ன நாவல். கணவன் இறந்து இத்தா (இஸ்லாமிய முறைப்படி விதவை தனித்திருக்கும் காலம்) இருக்கும் ரமத்துலாயி தன் தோழிக்கு எழுதும் கடிதம். மகளின் தோழியையே இரண்டாவது மனைவியாக்கிக்கொண்ட கணவனைப் பற்றி அவள் எழுதுவதில் கோபம், பாசம், கிண்டல் எல்லாம் உண்டு. செம்பேன் உஸ்மானின் ‘காட்ஸ் பிட்ஸ் ஆஃப் வுட்’ (1960), 1947-48இல் டாக்கர் – நைஜர் ரயில்வேயில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றியது. தியெஸ் ஊரிலிருந்து டாக்கர் வரை பெண்கள் நடந்தே போகிற பகுதிக்காகவே அதைப் படிக்கலாம். நிறையப் பேர் வருவதால் பெயர்களைக் குறித்துக்கொண்டே படியுங்கள். வேலைநிறுத்தம் ஜெயிக்கிறது என்பதைத் தயங்குகிற நண்பர்களிடம் இப்போதே சொல்லிவிடலாம்.

மஃபூஸும் குர்னாவும் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். அப்புறம், எமெசெட்டா கூட்டம் முடிந்ததும் யார் எஃபுரு பக்கம் நின்றார்கள், யார் ந்னு ஈகோ பக்கம் நின்றார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.