இரவு எட்டு மணி வரை நீட் பயிற்சி: பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: சேலத்தில் தனியார் பள்ளியில் பிளஸ் 1 படிக்கும் என் மகள், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு. பள்ளி முடிந்ததும் அங்கேயே இரவு எட்டு மணி வரை நீட் பயிற்சி, சனிக்கிழமைதோறும் தேர்வு. மதிப்பெண் சரிகிறது, தலைவலி என்கிறாள். அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவ இடஒதுக்கீடு கிடைக்கும் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். மாற்றலாமா? - வாசகி, ஓமலூர்

பதில்: அம்மா, அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 7.5 சதவீத இடஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. நடுவில் மாறினால் கிடையாது. ஒரே விலக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அதே இலவச இடத்தில் படித்தாலும், ஒன்பதையும் பத்தையும் தனியார் பள்ளியிலேயே முடித்திருந்தால் இல்லை. கட்டணம் கட்டிப் படித்துவிட்டு ஒன்பதில் மாறியிருந்தாலும் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்ட உங்கள் மகளுக்கு இது எப்படிப் பார்த்தாலும் பொருந்தாது. சேர்க்கை நேரத்தில் இந்தப் பாதி உண்மையை விற்றே பிழைக்கும் தரகர்கள் இருக்கிறார்கள்.

இனி மதிப்பெண். இன்று இரவே மகளின் இயற்பியல் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். தலைப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். அவளையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இயக்க விதிகள், வேலை, ஆற்றல் என்றால் சரி. நிலை மின்னியல், மின்னோட்டவியல் என்றால் அது பிளஸ் 2 பாடம். பிளஸ் 1 பாடத்தைத் தாவிவிட்டார்கள் என்று பொருள். வெக்டர் கணக்கே பழகாத பிள்ளைக்கு மின்புலம் எப்படிப் புரியும்? நீட் தேர்வில் இரண்டு ஆண்டுப் பாடமும் வருகிறது. இந்தத் தாவலைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் 1 பொதுத்தேர்வைக் கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி யார் வந்து நோட்டைப் பார்க்கப்போகிறார்கள்? நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, மருத்துவம் யாருடைய விருப்பம் என்று மகளிடம் கேளுங்கள். பொறியியல் போதும் என்றால் இந்த இரவு வகுப்பே தேவையில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் 2 கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குத்தான் கட்-ஆஃப். மாநிலக் கலந்தாய்வில் வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும்கூட பிளஸ் 2 மதிப்பெண்தான்.

மருத்துவம்தான் என்றால் பயிற்சி இருக்கட்டும். ஆறு மணிக்கு மேல் வேண்டாம். ஓமலூர் வந்து சாப்பிட்டுப் படுக்கவே பத்தரை ஆகும் பிள்ளைக்கு, எட்டு மணி வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறாது. தலைவலிக்கு முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்.

நேர மாற்றத்தை முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் போய்விடும் என்று பயமுறுத்தினால், பயிற்சிக்கு வாங்கிய தொகைக்குத் தனி ரசீது கேளுங்கள். பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குழுவே இருக்கிறது. ரசீது தர மறுத்தால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள். அங்கேயும் இரண்டு மூன்று முறை நடக்க விடுவார்கள்; மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.