மகளின்ர ஸ்கேற்றிங் பூட்ஸுக்கு 1,356 டொலர்: கார்ட்டில போடுறதோ, ஆர்.ஈ.எஸ்.பியை நிப்பாட்டுறதோ?

கேள்வி: வணக்கம். நாங்கள் ஸ்காபரோவில இருக்கிறம். மகளுக்கு 11 வயசு, ஃபிகர் ஸ்கேற்றிங் செய்யிறா, இப்ப அக்ஸெல் எண்ட ஜம்ப் பழகுறா. வளருற பிள்ளைதானே எண்டு போன வருஷம் ஒரு சைஸ் பெருசா, நல்ல கட்டியான பூட்ஸ் ஒண்டை செகண்ட் ஹேண்டில வாங்கி ரெண்டு சொக்ஸ் போட்டு விட்டம். இப்ப குதியில சிவந்து கட்டி மாதிரி வந்திட்டுது, வலது பூட்ஸ் கணுக்காலடியில மடிஞ்சு உள்பக்கமா சரியுது. இதோட இனி ஜம்ப் பண்ண விடேலாது எண்டு கோச் சொல்லிப்போட்டார். கடையில பூட்ஸ் 780, அடியில பூட்டுற இரும்பு பிளேட் 420, டாக்ஸோட 1,356 எண்டு எழுதித் தந்திருக்கினம். கையில 500 தான் இருக்கு. மிச்சத்தைக் கார்ட்டில போடுவம் எண்டுறார் இவர். நான் ஆர்.ஈ.எஸ்.பிக்கு (மகளின்ர படிப்புக்குச் சேக்கிற கணக்கு) மாசம் போடுற 200ஐக் கொஞ்ச நாள் நிப்பாட்டுவமோ எண்டு பாக்கிறன், ஆனா படிப்புக் காசில கை வைக்க மனம் வருகுதில்லை. - ஒரு அம்மா

பதில்: தங்கச்சி, முதல்ல கோச் சொன்னதைக் கேளுங்கோ. புது பூட்ஸ் வரும் மட்டும் ஜம்ப் வேண்டாம். குதியில வந்த அந்தக் கட்டியை ஒருக்கா டொக்டரிட்டயும் காட்டுங்கோ, ஏனெண்டால் கட்டி எவ்வளவு, எங்க எண்டு தெரிஞ்சால்தான் கடையில பூட்ஸ் அளந்து சரிக்கட்டித் தாற ஃபிற்றர் புது பூட்ஸில அந்த இடத்தைச் சூடாக்கி வெளியால தள்ளி விடலாம். டொக்டர் உள்ளங்காலுக்கு ஓர்தோற்றிக்ஸ் (சப்பாத்துக்குள்ள வைக்கிற தாங்கு அட்டை) எழுதித் தந்தால் அந்தச் சிட்டையைப் பத்திரமா வையுங்கோ. வேலையிட இன்சூரன்ஸ் கனபேருக்கு அதைக் கட்டும், கட்டாட்டியும் டாக்ஸில மருத்துவச் செலவாக் காட்டலாம். பூட்ஸுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. பிள்ளையளின்ர விளையாட்டுக்கு எண்டு முந்தி இருந்த டாக்ஸ் சலுகை 2016ஓட முடிஞ்சுது. ஒன்ராரியோவில பிள்ளையளின்ர சின்னச் சப்பாத்துக்கு எச்.எஸ்.ரி எண்ட விற்பனை வரியில 8% கழிப்பினம், ஆனா அது ஸ்கேற்ஸுக்குச் செல்லாது, முழு 13% கட்டித்தான் ஆகவேணும்.

இப்ப அந்தக் கடைக் கணக்குக்கு வருவம். 420 டொலர் பிளேட் உண்மையில வேணுமோ எண்டு கேட்டனீங்களோ? போன வருஷம் ஒரு சைஸ் பெருசா வாங்கினபடியால பழைய பிளேட்டும் அந்தப் பெரிய பூட்ஸின்ர நீளத்துக்குத்தான் இருக்கும். பிள்ளையின்ர கால் இப்ப அந்த சைஸுக்கு வளந்திருந்தால் அதே பிளேட்டைக் கழட்டிப் புது பூட்ஸில பூட்ட ஏலும். பூட்ஸ் மடிஞ்சு செத்தாலும் பிளேட் சாகாது, சாணை பிடிக்க இன்னும் இரும்பு மிச்சம் இருக்கோ, நீளம் அடியோட ஒத்து வருதோ, அவவின்ர லெவலுக்குக் காணுமோ எண்டதுதான் பாக்கவேணும். பழைய ஸ்கேற்ஸை அப்பிடியே கொண்டுபோய் மேசையில வைச்சு ஃபிற்றரிட்டக் கேளுங்கோ, கோச்சிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ. அவை ஓம் எண்டால் உங்களுக்கு வேண்டியது 780உம் டாக்ஸும், அதாவது 881 டொலர், பூட்டுற கூலி கொஞ்சம். துண்டு விழுறது 856 இல்லை, 400க்குக் கிட்டத்தான்.

கார்ட் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். கனக்கக் கார்ட்டுகளுக்கு வட்டி 20%க்குக் கிட்ட. 856 டொலரைப் போட்டு மாசம் 50 கட்டினால் முடிய 20, 21 மாசம் எடுக்கும், வட்டி மட்டும் 160 டொலருக்குக் கிட்ட வரும். வட்டியை விட எனக்குப் பயம் தாறது அந்த 21 மாசம்தான். 11 வயசுப் பிள்ளைக்கு ஒரு பூட்ஸ் அவ்வளவு காலம் அளவா இராது, பழைய பூட்ஸின்ர கடன் முடிய முதல் அடுத்த பூட்ஸ் வாங்க நிப்பியள், அதுவும் கார்ட்டில ஏறும், அப்பிடியே ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்குப்படும். நான் பாத்த குடும்பங்கள் கனபேர் ஸ்போர்ட்ஸ் செலவில மாட்டுப்பட்டது இந்த இடத்திலதான்.

ஆர்.ஈ.எஸ்.பியை நிப்பாட்டலாம், மனம் நோகாதேங்கோ. அரசாங்கம் தாற 20% கிராண்ட், வருஷம் 2,500 போட்டால் 500, ஒரு வருஷம் முழுசா எடுக்காட்டி அழிஞ்சு போகாது, அந்த இடம் அடுத்த வருஷத்துக்கு வரும். பிறகு கூடப் போட்டால் ஒரு வருஷத்தில 1,000 மட்டும் கிராண்ட் எடுக்க ஏலும். நீங்கள் மாசம் 200 படி வருஷத்துக்கு 2,400 போடுறியள், கிராண்ட் 480. ரெண்டு மாசம் நிப்பாட்டினால் 2,000, கிராண்ட் 400. தள்ளிப் போறது 80 டொலர், அடுத்த வருஷம் அந்த 400ஐச் சேத்துப் போட்டால் அதுவும் வந்திடும். பிளேட்டும் கட்டாயம் புதுசு வேணும் எண்டு வந்தாலும் அஞ்சு மாச நிப்பாட்டுத்தான். ஒண்டை மட்டும் கவனியுங்கோ: வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு வருஷத்தின்ர முதல் 500 டொலருக்கு மேலதிக கிராண்ட் கிடைக்கும், அது அடுத்த வருஷத்துக்கு வராது. உங்கட கணக்கில நிப்பாட்டின பிறகும் 500ஐத் தாண்டித்தான் நிக்கிறியள், அதால அதுக்குப் பாதிப்பு இல்லை. ஏற்கெனவே போட்ட காசை மட்டும் வெளியால எடுக்காதேங்கோ, எடுத்தால் கிராண்ட்டைத் திருப்பிக் குடுக்க வேண்டி வரும்.

உதவித் திட்டங்களுக்கும் எழுதிப் பாருங்கோ. கனேடியன் ரயர் நடத்துற ஜம்ப்ஸ்ரார்ட் 4இல இருந்து 18 வயசு மட்டும் இருக்கிற பிள்ளையளுக்கு, வருமானத்தைப் பாத்து, விளையாட்டுப் பதிவுக் கட்டணத்துக்கும் சாமானுக்கும் உதவும். கிட்ஸ்போர்ட் எண்டும் ஒண்டு இருக்கு. எங்கட ஆக்கள் "அது எங்களுக்கில்லை, கஷ்டப்பட்ட ஆக்களுக்கு" எண்டு ஒதுங்கி நிக்கிறதைப் பாக்க எனக்குக் கவலையா இருக்கும். கேக்கிறதில வெக்கம் ஒண்டுமில்லை. பதிவுக் காசுக்கு உதவி வந்தாலும் உங்கட கையில மிஞ்சுற காசு பூட்ஸுக்குத்தானே போகும்.

வாற வருஷமும் இந்தச் செலவு வராமல் விடாது. பூட்ஸை ஒருக்கா வாங்கி வைக்கிற சாமான் எண்டு நினைச்சால் பெருசா, கட்டியா, கனகாலம் உழைக்கிறதா வாங்கத் தோணும், ஆனா பெரிய பூட்ஸுக்குள்ள குதி மேல கீழ ஓடும், ஓட ஓடத் தேயும், கட்டி வரும். அவவின்ர பாரத்துக்கும் ஜம்புக்கும் மிஞ்சின கட்டியான பூட்ஸ் எண்டால் கணுக்காலை மடிக்க ஏலாது, மடிக்க ஏலாட்டி லாண்டிங் முழுக்க முழங்காலிலயும் இடுப்பிலயும் இறங்கும். ரெண்டு சொக்ஸ் போட்டு அளவைச் சரிக்கட்ட ஏலாது, மெல்லிய சொக்ஸ் ஒண்டுதான் போடவேணும். காசு மிச்சம் பிடிக்கத்தான் அப்பிடிச் செய்தனீங்கள், எல்லாத் தாய் தகப்பனும் செய்யிறதுதான், ஆனா இதில அது ரெண்டு தரம் வாங்க வைக்கும்.

உலக மட்டத்தில ஸ்கேற் பண்ணுற ஆக்களுக்கும் இந்தச் சாமான் முடிஞ்சு போகும். 2017 ஹெல்சின்கி உலகப் போட்டியில அமெரிக்க ஸ்கேற்றர் நேதன் சென்னின்ர பூட்ஸ் பிஞ்சு டேப் ஒட்டித்தான் ஆடினவர். எங்கட ரொறன்ரோவில கோச் பிரையன் ஓர்சரிட்டப் பழகின ரஷ்ய ஸ்கேற்றர் மெத்வெதேவா, 2019 டிசம்பரில ரஷ்ய சாம்பியன்ஷிப்பில பூட்ஸ் உடைஞ்சதால நடுவில விலகினவ. அதால இதைப் பெற்றோல் மாதிரி மாசச் செலவாகவே எழுதுங்கோ. ஒவ்வொரு மாசமும் 20ஆம் திகதியளவில அரசாங்கத்திட்ட இருந்து வாற சைல்ட் பெனிஃபிற்றில 80 டொலரை வேற சேவிங்ஸ் கணக்குக்குத் தானாப் போகப் பண்ணி விடுங்கோ, வருஷத்தில 960 சேரும். கார் இன்சூரன்ஸ் கட்டுற அதே மனநிலையில இதையும் கட்டுங்கோ.

கடைக்குப் போகேக்க மகளை எழும்பி நிக்க வைச்சு ரெண்டு காலையும் தனித்தனியா அளக்கச் சொல்லுங்கோ, ரெண்டும் ஒரே அளவா இராது. வளர இடம் அரை சைஸுக்கு மேல விடாதேங்கோ. போட்டியோ டெஸ்டோ இருந்தால் அதுக்குச் சில கிழமை முதலே வாங்கினால்தான் பழகும். வாங்கின பிறகு ஒவ்வொரு நாளும் ஈரத்தைத் துடைச்சு, உள்ளுக்க இருக்கிற அடி அட்டையை (இன்சோல்) வெளியால எடுத்துக் காய விடுங்கோ, ஈரத்தில அடித்தோல் ஊறினால் பிளேட் ஸ்குரூ பிடிக்காது. கால் வளந்து சின்னனாப் போன, மடியாத பூட்ஸை வித்தால் அடுத்ததுக்கு நல்ல காசு வரும். இப்ப இருக்கிற மடிஞ்ச பூட்ஸை மட்டும் இன்னொரு பிள்ளைக்கு வித்துப்போடாதேங்கோ.

நாளைக்கு வங்கிக்கு ஃபோன் எடுத்து ஆர்.ஈ.எஸ்.பியை நிப்பாட்டச் சொல்லேக்க, திரும்பத் தொடங்குற திகதியையும் அதே கோலில எழுதிவிடச் சொல்லுங்கோ.