டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கே26.4’: அதை வைத்து கிளெய்மை மறுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. மருத்துவக் காப்பீடு எடுத்து 31 மாதம் ஆகிறது. மூட்டு வலிக்கு இரண்டு மாதமாக வலி மாத்திரை சாப்பிட்டவர், திடீரென ரத்த வாந்தி எடுத்தார். எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் புண் இருப்பது தெரிந்தது. 1.85 லட்சம் ரூபாய் கிளெய்மை நிறுவனம் மறுத்துவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள ‘கே26.4’ நாள்பட்ட புண்ணைக் குறிக்கிறதாம். ஏற்கெனவே இருந்த நோயை மறைத்துவிட்டோமாம். அம்மாவுக்கு அல்சர் என்று இதற்கு முன் எந்த டாக்டரும் சொன்னதில்லை. என்ன செய்வது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தக் குறியீட்டை நிறுவனம் பாதிதான் படித்திருக்கிறது. நோய்களுக்குக் குறியீடு தரும் சர்வதேசப் பட்டியலான ஐசிடி-10-இல் கே25 இரைப்பைப் புண், கே26 முன்சிறுகுடல் புண். புள்ளிக்குப் பின் 0 வந்தால், திடீரெனத் தோன்றிய புண்ணில் ரத்தக்கசிவு. 4 வந்தால், ‘நாள்பட்ட அல்லது குறிப்பிடப்படாத’ புண்ணில் ரத்தக்கசிவு. டாக்டர் அக்யூட் (திடீரெனத் தோன்றியது), குரோனிக் (நாள்பட்டது) என்று எதையும் எழுதாமல் ‘ரத்தம் கசியும் அல்சர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், மருத்துவமனையில் குறியீடு போடுபவர் 4-ஐத்தான் போடுவார். ஆக, அந்த எண்ணை மட்டும் வைத்துப் புண்ணின் வயதைச் சொல்ல முடியாது.

சரி, நாள்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது போதாது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு டாக்டர் கண்டறிந்ததோ, சிகிச்சையோ ஆலோசனையோ பெற்றதோதான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிப்படி ‘முன்பே இருந்த நோய்’. பாலிசி எடுத்த பிறகும் 31 மாதம் ஓடியிருக்கிறதே! விலக்கு விதி பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் இரைப்பை, முன்சிறுகுடல் புண்ணுக்குத் தனியாக 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு; அது முடியும்வரை அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காது. உங்கள் பாலிசியில் அது 36 மாதமாக இருந்தால் வழக்கு பலவீனம். அப்புறம், மூட்டு வலிக்குப் பாலிசிக்கு முன்பே தொடர்ந்து வைத்தியம் பார்த்திருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு எப்படியும் தோண்டும்.

இப்போது மருத்துவமனையில் கேஸ் ஷீட், எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்ஸி எடுத்திருந்தால் அதன் முடிவு எல்லாவற்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. புண் எப்போது, எதனால் வந்திருக்கலாம் என்று சிகிச்சை அளித்த குடல் நோய் மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். வலி மாத்திரைகளால் இப்படிப் புண் வந்து ரத்தம் கசிவது மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பதுதான். ஆனால் “கோடை மாற்றிக் கொடுங்கள்” என்று போய் நிற்காதீர்கள். அக்யூட் என்று கேஸ் ஷீட்டிலேயே இருந்தால் திருத்தம் கேட்பது நியாயம். இல்லாததை எழுதச் சொன்னால் அது ஆவணத்தைத் திரிப்பது; நல்ல வழக்கும் கெட்டுவிடும்.

இவற்றை இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலோடுதான் மறுத்தார்களா என்றும் கேளுங்கள். 2024 முதல் அது கட்டாயம். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலுக்கும் அங்கே வேலை இல்லை. மன உளைச்சலுக்கும் இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். உங்கள் தொகைக்கு முதலில் ஓம்பட்ஸ்மனிடம் போவதே நல்லது என்பேன்.