டெக்சாஸ் சிற்றூர் ஸ்டேக்ஹவுஸில் ஸ்டேக்கை எந்தப் பதத்தில் கேட்பது?

ஸ்டேக் என்பது நெருப்பில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டு. முதல் தடவை என்றால் மீடியம், அதாவது நடுப்பதம், கேளுங்கள். உட்பகுதி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், நடுவில் இளஞ்சிவப்பு தெரியும். தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தம் அல்ல; தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். அதற்குப் பயந்து பலர் வெல் டன், அதாவது முழுக்க வெந்தது, கேட்டுவிடுகிறார்கள். 71 டிகிரியைத் தாண்டினால் தசை இழைகள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து தள்ளிவிடும், கறி ரப்பராகும். சிவப்பே ஆகாது என்பவர்கள் ரிப்ஐ என்ற விலாப்பகுதித் துண்டை வாங்கலாம். அதில் இழையோடும் கொழுப்பு ஓரளவு காப்பாற்றும். கொழுப்புக் குறைந்த சர்லாயின் என்ற பின்முதுகுத் துண்டு தாங்காது.

மெனுவில் 12 அவுன்ஸ் என்றால் சுமார் 340 கிராம், அதுவும் வேகும் முன் உள்ள எடை. கூடவே பெரும்பாலும் சாலடும் சுட்ட உருளைக்கிழங்கும் வரும், ஆகவே ஒருவருக்கு 8 அவுன்ஸே தாராளம்.

தட்டு வந்ததும் நடுவில் வெட்டிப் பாருங்கள். வேகாதிருந்தால் பரிமாறுபவரிடம் உடனே சொல்லலாம், மறுபடி அடுப்பில் போட்டுத் தருவார்கள், தவறாக நினைக்கமாட்டார்கள். அதிகம் வெந்ததை யாராலும் மீட்க முடியாது. எந்தப் பதம் என்று இரண்டுக்கும் நடுவே தயங்கினால் குறைந்ததையே சொல்லுங்கள். டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம்.