சில்லறையில் அச்சுப்பிழை நாணயம்: கேள்வி பதில்

கேள்வி: சார், சில்லறையைப் புரட்டிப் பார்க்க என்னென்ன வேண்டும்? மைக்ரோஸ்கோப் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் பார்த்தால் எல்லா நாணயமும் பிழை நாணயமாகத்தான் தெரியும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம் போதும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, நாணயத்தை மெல்லச் சுழற்றுங்கள். மேடு எது, பள்ளம் எது என்பது நிழலில் பிடிபடும். டையில், அதாவது நாணயத்தில் உருவத்தை அடிக்கும் எஃகு அச்சில், விழுந்த விரிசலும் உடைப்பும் நாணயத்தில் மேடாக வரும். கோடு பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் புழக்கத்தில் விழுந்த கீறல். டைக்கும் வில்லைக்கும் (உருவம் அடிக்காத வெற்று உலோகத் தட்டு) நடுவே கிரீஸோ நூலோ சிக்கியும் பள்ளம் விழும்; ஆனால் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்காது. கீறலில் நிற்கும்.

கேள்வி: என்னிடம் உள்ள நாணயத்தில் ஆண்டு எண் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இதுதானே ‘டபுள்டு டை’?

பதில்: பத்தில் ஒன்பது தடவை அது இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

டை செய்யும்போது, ‘ஹப்’ என்ற மூல உருவத்தை எஃகுக் கட்டையில் அழுத்துவார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்காது. கட்டையைச் சூடேற்றி இளக்கி மறுபடி அழுத்த வேண்டும். அந்த இரண்டாம் தடவை ஹப் இம்மி திரும்பி உட்கார்ந்தால் டையிலேயே எழுத்து இரண்டாகிவிடும். பிறகு அந்த டை அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில் வரும். 1955-ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் இதற்குப் பேர்போனது. 20,000-க்கு மேல் புழக்கத்துக்குப் போய்விட்டது. லென்ஸே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும்.

உங்கள் கையில் இருப்பது அநேகமாக இயந்திர இரட்டிப்பு. அடி விழுந்து முடிந்த நொடியில், தளர்ந்திருந்த டை ஆடி எழுத்தின் பக்கத்தைச் சிராய்த்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எழுத்தின் முனையைப் பாருங்கள். அசல் இரட்டிப்பில் இரண்டு உருவமும் உருண்டு எழும்பி நிற்கும், முனை மீன்வால் மாதிரி பிளந்திருக்கும், எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். இயந்திர இரட்டிப்பில் எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையாக, பளபளவென்று ஒரு படி தெரியும். அந்த அளவுக்கு எழுத்து மெலிந்திருக்கும். இதற்குச் சேகரிப்பு மதிப்பு கிடையாது. இரண்டும் இல்லாமல் எழுத்தைச் சுற்றி மங்கலாக நிழல் படர்ந்திருந்தால், அது தேய்ந்த டை. அதற்கும் மதிப்பில்லை.

கேள்வி: ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கடி. யாராவது வெட்டியிருப்பார்களோ?

பதில்: உலோகப் பட்டையிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, பட்டை சரியாக நகராவிட்டால் ஏற்கெனவே வெட்டிய ஓட்டைமேல் அடுத்த வெட்டு விழும். அப்படி வருவதுதான் பிறை வெட்டு. சோதிக்க, கடிக்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மழுங்கியோ காணாமலோ இருந்தால் நல்ல அறிகுறி. விளிம்பை எழுப்பும் இயந்திரம் வில்லையை இரு புறமும் நெருக்கி உருட்டும். ஒரு புறம் குறைந்தால் எதிர்ப்புறத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. இதை பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். பிறையை ஒட்டிய எழுத்துகளும் இழுபட்டு மங்கியிருக்கும். எழுத்து கூர்மை குறையாமல் வந்து சட்டென்று அறுந்து, அரத் தடமும் தெரிந்தால் அது கைவேலை. எடையும் போட்டுப் பாருங்கள், குறைந்தே ஆக வேண்டும்.

கேள்வி: நாணயத்தைத் திருப்பினால் பூ பக்கம் தலைகீழாக இருக்கிறதே?

பதில்: முதலில் அந்த நாட்டு வழக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க நாணயங்களில் ஒரு பக்கம் நேராக இருந்தால் மறுபக்கம் தலைகீழாகத்தான் இருக்கும். பிரிட்டன், யூரோ நாணயங்களில் இரு பக்கமும் நேர். உச்சியையும் அடியையும் இரு விரலால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்புங்கள். அந்த வழக்கத்திலிருந்து சில பாகை விலகியிருந்தால் விடுங்கள். 90, 180 பாகை என்றால் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வெள்ளை நாணயம் ஒன்று செம்பு நிறத்தில் கிடைத்தது. வேறு உலோக வில்லையில் அடித்ததா?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். மண்ணில் புதைந்தாலும், தீயில் கிடந்தாலும், அமிலம் பட்டாலும் செம்பு நிறம் வரும். தராசுதான் பதில் சொல்லும். அமெரிக்கக் கால் டாலர் 5.67 கிராம், செம்பு நடுவுக்கு இரு புறமும் செம்பு-நிக்கல் தகடு. ஒரு புறத் தகடே இல்லாமல் அடித்திருந்தால் எடை சுமார் 4.7 கிராமுக்கு இறங்கும். எடை முழுசாக இருந்தால் வெறும் கறை.

போலிக்கு நல்ல உதாரணம் 1943-ஆம் ஆண்டு செம்பு சென்ட். அந்த ஆண்டு அமெரிக்கா துத்தநாகம் பூசிய எஃகில், 2.7 கிராமில் ஒரு சென்ட் அடித்தது. மிச்சமிருந்த பழைய வில்லைகள் சில கலந்து செம்பு நிறத்தில் வெளிவந்தன, அவை 3.11 கிராம். செம்பு முலாம் பூசிய போலியைக் காந்தம் பிடித்துக்கொடுத்துவிடும். 1948-இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியதைக் காந்தமும் காட்டாது, தராசும் காட்டாது. கடைசி எண்ணை லென்ஸில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டு பக்கமும் தலை! அதிர்ஷ்டமா?

பதில்: வித்தைக்காரர் நாணயம். ஒரு நாணயத்தைக் குடைந்து, இன்னொன்றைக் கடைந்து உள்ளே செருகியிருப்பார்கள். விளிம்பின் உட்புறத்தில் மெல்லிய வளையமாக இணைப்புக் கோடு தெரியும். சுண்டினால் ‘டிங்’ வராது, ‘டொக்’ வரும்.

கேள்வி: ஆண்டுக்குக் கீழே புள்ளி இருப்பது பிழையா? ஆண்டே இல்லாவிட்டால்?

பதில்: இந்திய நாணயத்தில் புள்ளி என்றால் நொய்டா, வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. பிழையே இல்லை. ஆண்டு இல்லாதது வேறு கதை. 2008-இல் பிரிட்டன் 20 பென்ஸ் நாணயத்தில் ஆண்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய தலைப் பக்கமும் புதிய பின்பக்கமும் ஜோடி சேர்ந்து, எந்தப் பக்கமும் ஆண்டு இல்லாமல் வந்தது. ஆனால் ஆண்டு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று தேய்ந்திருந்தால், அது வெறும் தேய்மானம்.

கேள்வி: இரு உலோக நாணயத்தில் நடு வில்லை விலகியிருக்கிறது. அசலா?

பதில்: உருவம் வளையத்திலிருந்து நடு வில்லைக்குத் தடையில்லாமல் ஓடுகிறதா பாருங்கள். அசலில் விலகிய நிலையிலேயே அடி விழுந்திருக்கும், அதனால் கோடுகள் இரண்டையும் தாண்டிப் போகும். தட்டிக் கழற்றி மறுபடி செருகியதில் கோடுகள் ஒன்றோடொன்று சேராது.

கேள்வி: கண்டெடுத்ததைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கட்டுமா?

பதில்: ஐயையோ, வேண்டாம். தேய்த்தால் வரும் மயிரிழைக் கீறல் போகவே போகாது. ஓரத்தைப் பிடித்து எடுத்து, பிவிசி இல்லாத உறையில் போடுங்கள். பிவிசி உறைக்குள் நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும்.