இடுப்பு வலி: எந்த டெஸ்ட் எடுத்தால் இடம் தெரியும்?

கேள்வி: வயது 38. மூன்று வருடமாகக் கீழ்முதுகு வலி. காலுக்கு இறங்குவதில்லை, மரத்துப்போவதும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் டிஸ்குக்குள் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். வலி எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகக் காட்டும் டெஸ்ட் எது?

பதில்: அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை, அதனால்தான் ஆட்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிறார்கள்.

முதலில் அந்தப் பல்ஜ். கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் (ஜவ்வு) கொஞ்சம் வெளியே புடைத்திருக்கிறது என்று அர்த்தம். 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம், 40 வயதுக்காரர்களில் 50 சதவீதம் பேருக்குப் பல்ஜ் இருந்தது. அதாவது உங்கள் வயதில், வலி இல்லாதவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இதே ரிப்போர்ட்டை வாங்குவார்கள். ரிப்போர்ட் எழுதுபவர் உங்களைப் பார்த்ததுகூட இல்லை, படத்தில் இருப்பதை எழுதுகிறார், அவ்வளவுதான். "ஜவ்வு விலகிவிட்டது, உடனே ஆபரேஷன்" என்று அதை வைத்து யாராவது பயமுறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்கேன் சென்டரைக் குறிப்பிட்டு, அங்கேதான் எடுக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடமும் அப்படியே. கமிஷன் யாருக்குப் போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து அதே எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுக்கச் சொல்வதும் அந்த ரகம்தான்.

நரம்பு டெஸ்ட், நரம்பு நசுங்கி கால் மரத்தால், பலம் குறைந்தால் உதவும். உங்களுக்கு அது எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள். டிஸ்குக்குள் ஊசியை ஏற்றி அழுத்தி, "இதே வலிதானா?" என்று கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. குத்திய டிஸ்குகள் பத்து வருடத்தில் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்திருந்ததை 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது.

கொஞ்சமாவது பயனுள்ளது, முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகளுக்குப் போகும் நரம்புகளை எக்ஸ்ரேயில் பார்த்தபடி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது. அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் ஊசி வீண். வழக்கமாக வலிக்கும் வேலையையே செய்து பார்த்து, மணிக்கொரு முறை வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும். ஒருமுறை குறைந்ததை நம்பாதீர்கள், அப்படிக் குறைபவர்களில் கால்வாசிக்கும் மேல் பொய்யாகப் போகிறது. இன்னொரு நாள் திரும்பப் போட்டு இரண்டிலும் குறைந்தால்தான் வலி அந்த மூட்டுகளிலிருந்து வருகிறது என்று கணக்கு. மருந்தும் உடற்பயிற்சியும் பலிக்காமல், அந்த நரம்பைச் சூடுவைத்துச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சைக்கு நீங்கள் தயார் என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். சும்மா தெரிந்துகொள்ள என்றால் வேண்டாம்.

உங்கள் வயதில் ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. வலி 45 வயதுக்கு முன்னால் ஆரம்பித்திருக்கிறது. பின்னிரவில் வலியில் விழிப்பு வருகிறதா? காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்துக் கிடந்து, நடமாட நடமாடச் சரியாகிறதா, ஓய்வெடுத்தால் மோசமாகிறதா? எப்போதாவது ஒரு கண் சிவந்து வலித்ததுண்டா, தோலில் சொரியாசிஸ் உண்டா? அப்படியானால் இது டிஸ்க் விவகாரமே இல்லாமல், அழற்சியால் வரும் மூட்டுவாதமாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிய வருடக்கணக்காகும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்றாகாது. இந்த நோயோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு டெஸ்ட் பாசிடிவ் என்றாலும் நோய் இருக்கிறது என்றாகாது, அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. பார்க்க வேண்டியது இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டுகளின் எம்.ஆர்.ஐ. வழக்கமான முதுகு ஸ்கேனில் அந்த மூட்டுகள் சரியாக அடங்குவதில்லை, யாரும் அதைக் கவனிப்பதுமில்லை, இப்படியே பலருக்கு நோயின் பெயர் தெரியவே வருடங்கள் ஓடிவிடுகின்றன. மேலே கேட்டவற்றில் இரண்டு மூன்றுக்கு "ஆமாம்" என்றால் ஆபரேஷன் செய்பவரிடம் போகாமல் மூட்டுவாத நிபுணரிடம் போங்கள்.

அப்புறம், சிறுநீர் வராமல் நின்றாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, உட்காரும் பகுதி மரத்தாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.